ரெண்டு வருசம் போதுங்க

ரோஸ்மேரியின் மேஜையில் அன்றைக்குக் கிடந்தவை பச்சைக் கோடு போட்ட குழந்தைச் சட்டைகள். ஜெர்மனிக்குப் போகிற சரக்கு. கழுத்துப் பட்டியில் ஒரு தையல் தாண்டியிருந்தாலும் மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துவிடும் என்று முதலாளி காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெளியே ஐப்பசி மழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் விழுகிற மழைச் சத்தத்தில் ஓவர்லாக் மிஷின்களின் சத்தமே அமுங்கிப்போயிருந்தது. துணி ஈரம் குடித்துவிடும் என்று ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டதால் உள்ளே பஞ்சுத் தூசியும் புழுக்கமும். பதினெட்டுப் பெண்கள் வரிசையாக நின்று சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டி, நல்லதை ஒரு பக்கமும் டேமேஜை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் செக்கிங் செக்‌ஷனுக்கு ரோஸ்மேரிதான் சூப்பர்வைசர்.

இடுப்பில் செருகியிருந்த செல்போன் அதிர்ந்தது. ஆஷா. வேலை நேரத்தில் கூப்பிடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

“அம்மா, டெல்லியிலேர்ந்து தபால் வந்திருக்கு.”

“ஹால் டிக்கெட்டா?”

“இல்லை. என்னைய பரீட்சை எழுத விட மாட்டாங்களாம். என்னோட டிப்ளமோ செல்லாதாம்.”

மழைச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று ரோஸ்மேரி மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். “என்னட்டி சொல்லுத? ரெண்டு வருசம் முழுசா முடிஞ்ச பொறவா சொல்லுதாவ?”

“ஆமாம்மா. முடிஞ்ச பொறவுதான் சொல்றாங்க.”

ஆஷாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. மார்க்கு எடுத்துத் திருநெல்வேலியில் இடம் வாங்கி எம்.பி.பி.எஸ். முடித்தவள். குழந்தை வைத்தியம்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நின்றாள். இங்கே அதற்கு இடம் கிடைக்கவில்லை. வடக்கே ஒரு மாநிலத்துக்குப் போய், ரொட்டியும் பருப்பும் தின்று, இரண்டு வருடம் டிப்ளமோ படித்துவிட்டு வந்தாள். டிப்ளமோவுக்கு மேலே ஒரு படி உண்டு. டெல்லியில் இருக்கிற தேர்வு வாரியம் வைக்கிற பரீட்சை. அதில் தேறினால் எம்.டி.க்குச் சமம். ஆனால் அந்தப் பரீட்சைக்கு உட்கார வேண்டுமானால் வாரியம் ஒப்புக்கொண்ட ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று வருடம் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே டிப்ளமோ இருப்பவர்களுக்கு இரண்டு வருடம்.

திருப்பூரில் அப்படி ஒப்புக்கொண்ட ஆஸ்பத்திரியை வைத்திருந்தவர் டாக்டர் பொன்னுச்சாமி. 2004 ஆனியில் ரோஸ்மேரி மகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றபோது, சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “ரெண்டு வருசம் போதுங்க. புள்ளைகிட்டத்தான் டிப்ளமோ இருக்குதுங்களே. டெல்லிக்கு நானே எழுதிக் கேட்டுக்கறனுங்க. நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க.”

அவர் சொன்னால் ரோஸ்மேரிக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து அவளும் புருசன் ஞானமுத்துவும் பிழைக்க வந்த மூன்றாம் வருடம், ஐந்து வயது ஆஷாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து நிற்கவே இல்லை. அன்றைக்குப் பஸ் ஓடவில்லை. காங்கயம் ரோட்டில் ஒரு வாடகைக் கடையில் புதிதாகக் கிளினிக் போட்டிருந்த பொன்னுச்சாமி, பிள்ளையை வாங்கி ஒரு ஊசி போட்டுவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடு ரோட்டில் போய் நின்று கோயமுத்தூருக்குத் திரும்புகிற நூல் லாரியை மறித்தார். நூல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, ஆஷாவை மடியில் கிடத்தி, வழி நெடுக நாக்கு கடிபடாமல் பார்த்துக்கொண்டே வந்தார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சட்டையெல்லாம் பஞ்சோடு, வெளியே நின்று ஒரு டீ குடித்தது ரோஸ்மேரிக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஆஷா ப்ளஸ் டூ படிக்கையில் ஞானமுத்து காமாலையில் போனார். அதற்கு அப்புறமும் வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குப் பொன்னுச்சாமி வீட்டுக்கு முந்திரிக்கொத்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் அவள் தன் வீட்டில் வாயில் வைப்பாள்.

வக்கீல் சலாவுதீனின் ஆபீஸ் காதர்பேட்டையில், பட்டன், ஜிப் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கம்பெனி வழக்குகள் நடத்துகிறவர். ஆஷா கொண்டுபோன தபாலை இரண்டு முறை படித்தார்.

“டாக்டரம்மா, இவங்க சொல்றது ஒண்ணே ஒண்ணுதானுங்க. நீங்க படிச்ச டிப்ளமோ அந்த மாநிலத்துல செல்லும். வாரியத்தோட பட்டியல்ல இருக்கிற டிப்ளமோவுக்கு அது சமம் இல்லை. அதனால உங்களுக்கு ரெண்டு வருசக் கணக்கு பொருந்தாது, மூணு வருசம் இருந்திருக்கணும். இதான்.”

“சமமா இல்லையான்னு கோர்ட்டு பாக்காதா, ஐயா?” என்றாள் ரோஸ்மேரி.

“அதுக்குள்ள கோர்ட்டு போகாதுங்கம்மா. டாக்டர் படிப்புல எது எதுக்குச் சமம்னு ஜட்ஜு எப்படிச் சொல்லுவாரு? நாம வேற பக்கமா போகணும். ரெண்டு வருசம் முந்தி டாக்டரம்மா பேரைப் பதிவு பண்ணினப்ப வாரியம் பேசாம ஏத்துக்கிட்டுது. அப்பவே சொல்லியிருந்தா இந்தப் பொண்ணு மூணு வருசத்துல சேர்ந்திருக்கும். சொல்லாம இருந்துட்டு இப்ப கதவைச் சாத்தறது நியாயமான்னு கேக்கலாம். நம்ம வழக்கு அந்த ஒத்தைக் கால்லதான் நிக்குது.”

சென்னையில் அவருக்குத் தெரிந்த சீனியர் மூலமாக மனுப் போட்டார்கள். இடைக்கால உத்தரவு கிடைத்தது. ஆஷா பரீட்சை எழுதலாம்; வழக்கு முடிகிறவரை ரிசல்ட்டை உறையில் போட்டு ஒட்டி வைக்க வேண்டும். டிசம்பரில் எழுதினாள். எழுதிவிட்டு வந்து, குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்து, “அம்மா, சாளைக் கருவாடா? நிறைய சோறு போடுங்க,” என்றாள். அதிலிருந்தே ரோஸ்மேரிக்குத் தெரிந்துவிட்டது, நன்றாக எழுதியிருக்கிறாள் என்று.

பொங்கல் கழிந்த நாலாம் நாள், கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். செக்கிங்கில் கூட வேலை பார்க்கிற சின்னாத்தாள் கொள்ளுப் பருப்புக் கடைசலை ரோஸ்மேரியின் தட்டில் ஒரு கரண்டி வைத்துக்கொண்டிருந்தாள். பொன்னுச்சாமியே போனில் கூப்பிட்டார்.

“அம்மா, வேலையா இருக்கறீங்களா? சித்த வந்துட்டுப் போக முடியுங்களா?”

சின்னாத்தாளுக்கு ஆச்சரியம். “ஏனுங்க்கா, அத்தப் பெரிய டாக்டரு உங்களையக் கூப்புட்டுப் பேசறாரு. புள்ளைக்கு நல்ல சேதிதானுங்கொ, சாப்புட்டுப் போட்டுப் போங்க.”

ரோஸ்மேரி பாதிச் சோற்றில் எழுந்து அரை ஷிப்ட் லீவு சொல்லிவிட்டுப் போனாள்.

பொன்னுச்சாமி எழுந்து நின்று வரவேற்றார். அது அவர் வழக்கம். எவ்வளவு சின்ன ஆள் வந்தாலும் எழுந்துவிடுவார். மேஜையில் ஒரு காகிதம் இருந்தது. டைப் அடித்த இங்கிலீஷ்.

“கோர்ட்டுக்கு ஆஸ்பத்திரி சார்புல ஒரு காயிதம் கொடுக்கோணுமுங்க. புள்ளை இங்க வேலை பார்த்தது, படிச்சது, எல்லாம் அதுல இருக்குது. புள்ளை ஒரு கையெழுத்து, சாட்சிக்கு நீங்க ஒரு கையெழுத்து. இன்னிக்குப் பொழுதோட சென்னைக்குப் போற ஆளுகிட்டக் குடுத்துடோணும்.”

“வக்கீலய்யாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“கேக்கலாமுங்க. ஆனா வக்கீலுங்க எதையும் நாலு நாள் இழுப்பாங்க. வாய்தா நாளைக்குங்க. நானே புள்ளைகிட்டக் குடுத்திருப்பனுங்க, வார்டுல கையொழியாம நிக்குது. நீங்க போனீங்கன்னா ஒரு நிமிசத்துல போட்டுக் குடுத்துரும்.”

அவர் பேனாவை நீட்டினார். ரோஸ்மேரி தமிழில் தன் பெயரை எழுதினாள். அப்புறம் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

குறைமாதக் குழந்தைகள் வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு நின்றாள். பயிற்சி முடிந்த பிறகும் ஆஷா அங்கேயே டூட்டி டாக்டராக இருந்தாள்; முந்தின நாள் காலையில் வந்தவள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. உள்ளே ஒரு உள்ளங்கை அளவு குழந்தையின் நெஞ்சில் இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நர்ஸ் பக்கத்தில் மூச்சுக் கொடுக்கிற பலூனைப் பிழிந்துகொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துக் குழந்தை சிணுங்கியது. ஆஷா நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. கதவருகே வந்து கையுறையைக் கழற்றினாள்.

“என்னம்மா இங்க?”

“டாக்டரு குடுத்தாரு. கோர்ட்டுக்காம். உடனே போகணுமாம். ஒரு கையெழுத்துப் போடு.”

ஆஷா கதவில் காகிதத்தை வைத்து, “நீங்க சாப்ட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே போட்டாள். உள்ளே மணி அடித்தது. ஓடினாள்.

சித்திரையில் கடைசி விசாரணை வந்தது. தாயும் மகளும் ரயிலேறிச் சென்னைக்குப் போனார்கள். உயரமான கூரையும் வரிசை வரிசையாக விசிறிகளுமாக இருந்த அறையில் பின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இங்கிலீஷில் நடந்த பேச்சை சலாவுதீன் குனிந்து குனிந்து ரோஸ்மேரிக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர்களுடைய சீனியர் நன்றாகத்தான் பேசினார். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டபோது ஜட்ஜ் தலையசைத்ததை ரோஸ்மேரி பார்த்தாள்.

வாரியத்தின் வக்கீல் எழுந்து ஒரு காகிதத்தை நீட்டினார். சலாவுதீன் சொல்வதை நிறுத்திவிட்டார்.

“என்னய்யா?”

“ரெண்டாயிரத்து நாலு செப்டம்பர்லயே வாரியம் ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி போட்டிருக்குதுங்கம்மா. இந்த டிப்ளமோ செல்லாது, இந்தப் பொண்ணு மூணு வருசத்துக்கு மாறணும், இல்லைன்னா சேர்க்காதீங்க, அந்தப் பொண்ணுக்கும் சொல்லிருங்கன்னு.”

ஆஷா சலாவுதீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு யாரும் சொல்லலையே, சார்.”

அப்போது ஆஸ்பத்திரியின் வக்கீல் எழுந்தார். இன்னொரு காகிதம். அவர் வாசித்ததைச் சலாவுதீன் தமிழில் சொன்னார்: டெல்லிக் கடிதத்தின் விவரம் எனக்குச் சொல்லப்பட்டது; என் டிப்ளமோ பரீட்சைக்குச் செல்லாது என்று தெரிந்தேதான் நான் டூட்டி டாக்டராகத் தொடருகிறேன்; பின்னால் ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல மாட்டேன். கீழே ஆஷாவின் கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சி. தேதி 2004 செப்டம்பர் 20.

நகல் பின் பெஞ்சுக்கு வந்தது. ஆஷா அதைப் படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். ரோஸ்மேரிக்கு அதில் படிக்க முடிந்தது அவளுடைய பெயர் மட்டும்தான்.

திரும்பி வருகிற ரயிலில் ஜோலார்பேட்டை வரைக்கும் ஆஷா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ரோஸ்மேரி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தாள். அது அப்படியே இருந்தது.

“ஏட்டி, என்னைய ஏசணும்னா ஏசிரு. இப்படி இருக்காத.”

“ஏச என்ன இருக்கு?”

“நான் என்னத்தக் கண்டேன். அவரு குடுத்தாரு, கொண்டு வந்தேன்.”

ஆஷா ஜன்னலிலிருந்து திரும்பினாள். “அதைத்தாம்மா நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். அவரு அதை என்கிட்ட குடுத்திருந்தா நான் படிச்சிருப்பேன். எத்தனை வேலை இருந்தாலும் படிச்சிருப்பேன். அது அவருக்குத் தெரியும். நீங்க கொண்டு வந்தா படிக்க மாட்டேன். அதுவும் தெரியும்.”

ரோஸ்மேரி பொட்டலத்தை மடித்தாள். இட்லியைத் தூர எறியவும் மனசு வரவில்லை, தின்னவும் வரவில்லை. பொன்னுச்சாமி ஆஷாவைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். அந்தக் காகிதத்தை டைப் அடிக்கும்போதே அவர் மனசில் தன் முகம்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பொட்டலத்தைப் பைக்குள் திணித்தாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாரையும் போல டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பத்து நாலாம் நம்பர். மடியில் பிள்ளைகளோடு தாய்மார்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி, “எந்தப் புள்ளைக்குங்கம்மா?” என்று விசாரித்தாள். “என் புள்ளைக்குத்தான்,” என்றாள் ரோஸ்மேரி.

“வாங்கம்மா, வாங்க. டோக்கன் எல்லாம் எதுக்குங்க, நேரா வர்றதில்லீங்களா?” பொன்னுச்சாமி எழுந்து நின்றார்.

ரோஸ்மேரி உட்காரவில்லை. “டெல்லிக் கடுதாசி வந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பொய் சொல்லவில்லை. “வந்துச்சுங்க.”

“ஏன் சொல்லலை?”

“அப்ப வார்டுல நாப்பது குழந்தைங்க இருந்துதுங்க. பார்க்கறதுக்கு என்னையும் சேர்த்து மூணு பேரு. கடுதாசியக் காட்டியிருந்தா புள்ளை அடுத்த நாளே வேற எடம் பார்க்கப் போயிருக்கும். போகாதுங்களா? ஒரு ரெண்டு மாசம் போகட்டும், ஆளு கெடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தனுங்க. ரெண்டு மாசம் ஆறு மாசமாச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றதுங்க? டெல்லியில ஆளைப் புடிச்சுச் சரி பண்ணிரலாம்னு நெனச்சன். நடக்கலீங்க.”

“அது போகட்டும். இந்தப் பொங்கலுக்குப் பொறவு எங்கிட்ட வாங்குன காயிதத்துக்கு ரெண்டு வருசத்துக்கு முந்துன தேதியப் போட்டீங்களே. அது யாரு சரி பண்ணுவா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆஸ்பத்திரிக்கு வருசம் நாலு சீட்டுங்கம்மா. கடுதாசிய மறைச்சேன்னு கோர்ட்டுல நின்னா நாலும் போயிரும். இப்பப் படிச்சுக்கிட்டு இருக்கற புள்ளைகளும் நடுத்தெருவுல நிக்கும். ஒருத்திக்காக அத்தனை பேரையும் உட முடியுங்களா? ஆஷா நம்ம புள்ளை, பொறுத்துக்கும்னு நெனச்சனுங்க. இங்கயே இருக்கட்டும். என்ன வேணும்னாலும் பண்ணித் தர்றன்.”

“ஒண்ணும் வேண்டாம். அந்தத் தேதி பொய்யின்னு கோர்ட்டுல ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“அது மட்டும் முடியாதுங்க.” கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, மெதுவாக, “அன்னிக்கு லாரியில கொண்டு போனது மறந்து போச்சுங்களாம்மா?” என்றார்.

“மறக்கலைங்க,” என்றாள் ரோஸ்மேரி. “மறக்காமதான் கையெழுத்துப் போட்டேன்.”

அவர் மணியை அழுத்தி, அம்மாவுக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். காபி வருவதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள்.

சலாவுதீனிடம் போய், நடந்ததை அப்படியே எழுதிக் கொடுக்கிறேன் என்றாள். அவர் உடனே பேனாவை எடுக்கவில்லை.

“அம்மா, இதுல ஒண்ணு இருக்குது. நீங்க எழுதிக் குடுத்தா, என்னன்னு தெரியாத காயிதத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அவங்க உங்க மேலயே திரும்பலாம். பொய்ச் சாட்சின்னு சொல்லலாம்.”

“சொல்லட்டும்.”

“பெத்த தாய் சொல்றதைக் கோர்ட்டு எவ்வளவு எடுத்துக்கும்னும் எனக்குத் தெரியலைங்க.”

“எழுதுங்கய்யா. பொங்கலுக்குப் பொறவு, வேலைக்கெழமை, மத்தியானம். அன்னைக்கு அரை ஷிப்ட் லீவு போட்டிருக்கேன். கம்பெனி ரிஜிஸ்டர்லயே இருக்கும்.”

முதலாளி அந்த ரிஜிஸ்டர் பக்கத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார். மரியாதையாகத்தான் மறுத்தார். “நீங்க நம்ம ஊட்டு ஆளு மாதிரிங்கம்மா. ஆனா டாக்டரு நமக்கு வேண்டப்பட்டவரு. இதுல கம்பெனிய இழுக்காதீங்க.” சின்னாத்தாள் அன்றைக்குச் சாயங்காலம் கேட்டின் பக்கம் ரோஸ்மேரியை நிறுத்தி, “நான் வந்து சொல்றனுங்க்கா. அவரு போன் பண்ணுனப்ப நானுந்தான பக்கத்துல இருந்தன்,” என்றாள். சலாவுதீன் அவளிடமும் எழுதி வாங்கிக்கொண்டார்.

ஆனி மாதக் கடைசியில் தீர்ப்பு வந்தது. சலாவுதீன் ஆபீஸில், கீழே ஜிப் கடைக்காரர்கள் பெட்டி இறக்குகிற சத்தத்துக்கு நடுவே, அவர் வரிவரியாகத் தமிழில் சொன்னார். எந்தப் படிப்பு எதற்குச் சமம் என்பது நிபுணர்கள் வேலை, அதில் நீதிமன்றம் தலையிடாது. வாரியம் உரிய காலத்தில் ஆஸ்பத்திரிக்குத் தெரிவித்திருக்கிறது. மாணவிக்குத் தெரியும் என்பதற்குக் கையெழுத்து இருக்கிறது. தேதி பொய்யாகப் போடப்பட்டது என்று தாயாரும் அவரோடு வேலை செய்கிற பெண்ணும் தந்த வாக்குமூலங்கள் பாசத்தாலும் நட்பாலும் வந்தவை, அவற்றுக்கு எடை தர முடியாது. இடைக்கால உத்தரவில் எழுதிய பரீட்சையால் உரிமை எதுவும் வராது. மனுதாரரின் நிலை கண்டு நீதிமன்றம் அனுதாபப்படுகிறது. மனு தள்ளுபடி.

“ரிசல்ட்டு?” என்றாள் ஆஷா.

சலாவுதீன் பக்கத்தைத் திருப்பினார். “உறையைப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. பாஸ் ஆயிட்டீங்க, டாக்டரம்மா. முதல் தடவையிலேயே. ஆனா அது செல்லாதுன்னு எழுதியிருக்காரு.”

ஆஷா அந்தப் பக்கத்தை வாங்கி, தன் பெயருக்கு நேரே இருந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்பீலுக்குப் போகலாம், இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றார் அவர். “அந்த மூணு வருசத்துல நான் முதல்லேர்ந்து படிச்சே முடிச்சிருவேன், சார்,” என்று எழுந்துவிட்டாள். படி இறங்கும்போது ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள். ரோஸ்மேரி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தொட்டாள். தொட்ட கையை ஆஷா தள்ளவில்லை. சாய்ந்துகொள்ளவும் இல்லை.

ஆடியில் ஆஷா தாராபுரத்துக்குப் போய்விட்டாள். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை, அங்கேயே தங்கல், மிச்ச நேரத்தில் நுழைவுத் தேர்வுக்குப் படிப்பு. இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மழையா. அவ்வளவுதான். முன்பெல்லாம் வார்டில் நடந்தது முழுவதையும் ஒப்பிப்பாள். எந்தக் குழந்தைக்கு என்ன ஊசி போட்டாள் என்பது வரை ரோஸ்மேரிக்குத் தெரியும். இப்போது கேட்கவும் பயமாக இருந்தது.

ஆஷாவின் ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் பொன்னுச்சாமி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தன. சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று ஆஷா சொல்லிவிட்டதால், அவள் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு புரட்டாசியில் ஒருநாள் ரோஸ்மேரி போனாள். கவுன்டரில் இருந்த கிளார்க் பீரோவைக் குடைந்து கவரை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினாள்.

பக்கத்தில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி முக்காடு போட்டுக்கொண்டு, ஃபைலிலிருந்து தன் சர்டிபிகேட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளார்க் அவளை டாக்டர் அனம் என்று கூப்பிட்டார். கூட வெள்ளைச் சட்டையில் அவளுடைய தகப்பனார். அவர் சந்தோஷத்தில் கிளார்க்கிடமே பேசிக்கொண்டிருந்தார். பெயர் அப்துல்லா, கட்பீஸ் வியாபாரம், பெண் குழந்தை வைத்தியம் படிக்கப் போகிறாள் என்பதெல்லாம் ரோஸ்மேரிக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

அவர்கள் வெளியே வரும்வரை கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றாள்.

“கண்ணு, ஒரு நிமிசம். நீ சேர்ந்தது பத்தி டெல்லியில இருந்து எந்தக் கடுதாசி வந்தாலும் இவங்க சொல்லுததை மட்டும் வெச்சு இருந்திராத. நீயே வாரியத்துக்கு நேரா எழுதிக் கேளு. எழுதி வாங்கி உங்கையில வெச்சுக்க.”

அனம் தகப்பனாரைப் பார்த்தாள். “எனக்கு மூணு வருசக் கோர்ஸுங்கம்மா. எல்லாம் சரியா இருக்குதுன்னு சாரே சொல்லிட்டாரு.”

“ரெண்டோ மூணோ. நீயே கேட்டுக்க.”

அப்துல்லா கோபப்படவில்லை. “டாக்டரு எங்களுக்கு இருவது வருசப் பழக்கமுங்கம்மா. இவளுக்கு ஆறு வயசுலேர்ந்து வைத்தியம் பார்த்ததே அவருதான். அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க.”

“எனக்கு இருவத்தாறு வருசப் பழக்கம்,” என்றாள் ரோஸ்மேரி.

கைப்பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்தாள். ஆனி மாதத்திலிருந்து அது பைக்குள்தான் கிடந்தது. யாரிடமும் காட்டியதில்லை. அப்துல்லா, “இவங்க ஏதோ மன வருத்தத்துல இருக்காங்க. வா, போலாம்,” என்று மகளின் முழங்கையைத் தொட்டார்.

“இருங்க, அத்தா,” என்றாள் அனம். “குடுங்கம்மா, ஊட்டுக்குப் போயிப் பார்க்கறன்.”

“ஊட்டுல வேண்டாம். இங்கனயே படிச்சிரு. நான் நிக்கேன்.”

அனம் நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். வெயில் நேராக அடித்தது. ரோஸ்மேரி ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போனது. அப்துல்லா ரோட்டையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன எழுதியிருக்குது?” என்று இரண்டு தடவை கேட்டார். அவள் பக்கத்தைத் திருப்பினாள். மூன்றாவது பக்கத்தில் வேகம் குறைந்தது. நான்காவது பக்கத்தில் ஒரு இடத்தில் நின்று, அந்த வரியை விரலால் தொட்டுத் திரும்பப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“ரோஸ்மேரிங்கறது நீங்களாம்மா?”

“நான்தான்,” என்றாள்.